காற்றும் கந்தோரும்

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொற்களுள் ஒன்று கந்தோர். அது தமிழுமன்று, ஆங்கிலமுமன்று. எழுத்து வேலை நடைபெறும் இடத்தை ஒல்லாந்தர் தம் மொழியில் ஏறத்தாழ அவ்வாறே ஒலிப்பர். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரை வென்று இத்தீவின் கரையோரங்களைக் கைப்பற்றிய அவர்கள், 1796ஆம் ஆண்டில் அவற்றை ஆங்கிலேயரிடம் இழந்து போயினர். போகையில் கோட்டைகளையும் சட்டங்களையும் சில சொற்களையும் விட்டுச் சென்றனர். ஆட்சிகள் பல மாறியும் கந்தோர் என்னும் சொல் இன்றளவும் நிலைத்திருக்கின்றது.

பழைய கந்தோர் எவ்வாறிருந்தது என்பதை இத்தீவின் பழைய கச்சேரிக் கட்டடங்களில் இன்றும் காணலாம். தடித்த சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை, நாற்புறமும் அகன்ற விறாந்தை, ஆளுயரத்துக்கு மேற்பட்ட யன்னல்கள். வெப்பமடைந்த காற்று மேலெழுந்து கூரையைச் சேரும். குளிர்ந்த காற்று விறாந்தை நிழலைத் தாண்டி உட்புகும். அங்கே இயந்திரம் எதுவும் இல்லை. ஆயினும் அக்காற்று எல்லோருக்கும் ஒரே அளவிற் கிடைத்ததென்று கொள்ளலாகாது. நல்ல யன்னல் துரையின் அறைக்கு உரியது. அவர் தலைக்கு மேல் தொங்கிய பங்காவை வெளியே அமர்ந்து இழுப்பதற்கு ஓர் ஆளும் உண்டு. எழுதுவினைஞரோ கோவைகளின் நடுவே வரிசையாக அமர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதினர். காற்று எவ்வழி வரும், அவ்வழியில் யார் அமர்வர் என்னும் இவ்விரு வினாக்களும் அன்று தொட்டே பிரிக்க முடியாதவை. அண்மைக் காலத்துக் கந்தோர்களின் வரலாறு முழுவதும் இவற்றுக்கு விடை தேடிய வரலாறே எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை ஆழ்ந்து எண்ணியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங் லொயிட் றைற். நியூ யோர்க் மாநிலத்துப் பபலோ நகரில் லார்க்கின் சவர்க்காரக் கம்பனி என்றொரு நிறுவனம் இருந்தது. கடைகளை நம்பாமல், தபால் மூலம் கட்டளை பெற்று வீடுகளுக்கே பொருள் அனுப்புவது அதன் வணிக முறை. ஆதலின் அதற்கு வேண்டியிருந்தது கடிதங்களைப் பிரித்து, படித்து, பதிந்து, மறுமொழி எழுதும் ஒரு பெரும் படை. அப்படைக்கு வீடாக றைற் அமைத்த கட்டடம் 1906ஆம் ஆண்டில் நிறைவுற்றது.

கம்பனியின் தொழிற்சாலைகளும் புகையிரதப் பாதைகளும் சூழ்ந்த இடம் அது. யன்னலைத் திறந்தாற் கரி வந்து தாளின்மேற் படியும். எனவே றைற் கட்டடத்தைப் புறவுலகுக்கு மூடிவிட்டார். செங்கற் சுவர்கள் கோட்டை போல எழுந்தன. மூலைகளில் நின்ற கோபுரங்களின் வழியே காற்று உள்ளே இழுக்கப்பட்டு, தூய்மையாக்கப்பட்டு, ஒவ்வொரு மாடிக்கும் அனுப்பப்பட்டது. படிக்கட்டுகளையும் மூலைகளுக்குத் தள்ளிவிட்டபடியால் நடுப்பகுதி முழுவதும் வேலைக்கே கிடைத்தது. ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு முற்றம். அதன்மேற் கண்ணாடிக் கூரை. முற்றத்தைச் சுற்றி மாடந்தோறும் திறந்த தளங்கள். வானொளி கீழ்த்தளம் வரை இறங்கியது. அக்கீழ்த்தளத்திலே, எல்லோரும் காண, எழுதுவினைஞரோடு எழுதுவினைஞராகக் கம்பனியின் மேலதிகாரிகள் மேசை போட்டு அமர்ந்தனர். அக்காலத்தில் இது சிறிய புரட்சியன்று.

இவ்வளவும் புகழ்ச்சிக்குரியவை. ஆனால் அதே கட்டடத்தில் வேறொன்றும் இருந்தது. தளங்களின் ஓரத்து யன்னல்கள் கோவைப் பெட்டிகளுக்கு மேல், அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்தன. வெளியே பார்க்க இயலாது. மேசைகளும் பெட்டிகளும் உருக்கினாலானவை, றைற்றே வரைந்தவை. பல மேசைகளில் இருக்கை மேசையோடு பிணைக்கப்பட்டிருந்தது; இரும்புக் கையொன்றின்மேல் உள்ளும் வெளியும் சுழலுமே தவிர, ஓரடி தள்ளிப் போடவியலாது. முற்றத்திலே ஓர் இசைக்கருவி, மேலே கூரைத் தோட்டம் என்று பணியாளருக்குப் பல வசதிகள் செய்யப்பட்டன. தன் இருக்கையைச் சற்றே நகர்த்தும் உரிமை மாத்திரம் அவற்றுள் அடங்கவில்லை.

இதன் விளைவு பிற்காலத்தில் தெரிந்தது. கம்பனி தளர்ந்தது, 1943இல் கட்டடம் விலைப்பட்டது, ஈற்றில் வரிக்கடனுக்காக நகராட்சியின் கைக்கு வந்தது. தபாற் கட்டளை வணிகத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டையை வேறு எவரும் அணிய முன்வரவில்லை. 1950ஆம் ஆண்டில் அதனை இடித்தனர். அவ்விடத்தில் லொறித் தரிப்பிடம் அமைப்பதாகச் சொன்னார்கள், அதுவும் அமையவில்லை. மதிலோரத்துச் செங்கற் தூணொன்றே எஞ்சி நின்றது.

றைற்றின் கட்டடம் எழுந்த காலத்திலேயே வேறோரிடத்தில் ஒரு பொறி பிறந்துவிட்டது. 1902ஆம் ஆண்டில், நியூ யோர்க்கின் புறூக்ளின் பகுதி அச்சகமொன்றில், ஈரக்காற்றினால் தாள் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம்மாறிப் பதிந்தன. அதனைத் தடுக்க வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் அடக்கும் முறையொன்றை வகுத்தார். மனிதனுக்காகவன்றித் தாளுக்காகப் பிறந்தது குளிரூட்டி என்பதைக் கந்தோர்ப் பணியாளர் நினைவில் வைத்திருப்பது நன்று. 1938இற் குழல் விளக்கு விற்பனைக்கு வந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததும் கட்டடத்துக்கு யன்னல் தேவையற்றதாயிற்று. பகலொளி யன்னலின் உயரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு தூரமே அறைக்குள் செல்லும். அதற்கப்பால் அமர்ந்தவருக்கு விளக்கு வேண்டும். முன்னாளில் இவ்வெல்லையைக் கடக்க எவரும் துணியவில்லை. இப்போது தளம் எவ்வளவு அகன்றாலும் கவலையில்லை என்றாயிற்று. 1952இல் நியூ யோர்க் மாநகரில் எழுந்த லீவர் மாளிகை முழுவதும் கண்ணாடி போர்த்தது. அதன் யன்னல்கள் திறக்க முடியாதவை. உலக நகரங்கள் யாவும் அதனைப் பார்த்து எழுதத் தொடங்கின.

இதன் கணக்கு எளிது. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாற்று மின்குமிழ் அளவு வெப்பம் வெளிப்படுகின்றது. நூறு பேர் அமர்ந்தால் நூறு குமிழ்கள். அவர்களுக்கு ஒளி தரும் விளக்குகளின் வெப்பமும், கண்ணாடி வழியே வரும் வெயிலின் வெப்பமும் அதனோடு சேரும். விளக்கெரிக்க ஒருமுறை பணம் கொடுத்து, விளக்கு தந்த வெப்பத்தை வெளியேற்ற மறுமுறையும் பணம் கொடுக்கும் விந்தை இக்கட்டடங்களில் நாள்தோறும் நிகழ்கின்றது.

அகன்ற தளத்தில் மனிதரை எவ்வாறு அமர்த்துவது என்னும் வினாவுக்குப் புதுவிடை கண்டோர் செருமானியர். அம்பேர்க் நகருக்கு அருகிலுள்ள குவிக்போர்ண் என்னும் ஊரில் வொல்ப்காங், எபர்காட் சினெல்லே என்னும் உடன்பிறந்தார் இருவர், 1950களின் பிற்பகுதியில், ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு எத்தனை முறை பேசுகின்றார், எந்தத் தாள் எம்மேசையிலிருந்து எம்மேசைக்குப் போகின்றது என்பவற்றை அளந்தனர். அவ்வளவுக்கேற்ப மேசைகளைக் கூட்டங்கூட்டமாக, நேர்வரிசையின்றி இட்டனர். தனியறைகள் நீங்கின, இடையிடையே பூச்செடிகளும் தாழ்ந்த மறைப்புகளும் நின்றன. ‘கந்தோர் நிலக்காட்சி’ என்று அதற்குப் பெயரிட்டனர். மேலிருந்து பார்ப்பவருக்கு ஒழுங்கற்ற தோட்டம் போலத் தோன்றிய அது உண்மையில் ஒழுங்கான கணக்கு. பதவியைக் கொண்டு இடம் வகுக்காமல் வேலையைக் கொண்டு இடம் வகுத்தது அவர்தம் பெருமை. ஆனால் அத்தோட்டம் வளர்ந்தது பகலெல்லாம் விளக்கெரியும் ஆழ்ந்த தளத்தில். ஒருங்கிருந்து வேலை செய்யும் இன்பத்துக்குக் காற்றையும் வெயிலையும் விலையாகக் கொடுத்தனர். சந்தடி பொறுக்காத பணியாளர் பலர் பின்னர் யன்னலோடு கூடிய சிற்றறைகளைக் கேட்டுப் பெற்றனர்.

அமெரிக்காவில் இக்கருத்தை வேறு வழியிற் கொண்டுசென்ற றொபேட் புறொப்ஸ்ற் என்பவர், 1968இல், விரும்பியவாறு கழற்றி மாட்டக்கூடிய தட்டிகளைக் கொண்ட தளபாட முறையொன்றை வெளியிட்டார். அகன்ற கோணத்தில் விரித்து வைக்கவேண்டிய தட்டிகளை நிறுவனங்கள் செங்கோணத்தில் நெருக்கிப் பூட்டின. மாறத்தக்கதாகப் பிறந்தது மாறாத கூண்டாயிற்று. பொருளை விற்பவர் எண்ணம் ஒன்று. வாங்குபவர் கணக்கு வேறொன்று.

கூட்டு வேலையையும் பகலொளியையும் ஒருங்கே பெற முடியாதா? முடியும் என்று காட்டிய கட்டடம், கந்தோர் என்னும் சொல்லை இத்தீவுக்குத் தந்த ஒல்லாந்தர் நாட்டிலேயே எழுந்தது. அப்பெல்டோர்ண் நகரில் சென்றால் பெகேர் என்னும் காப்புறுதி நிறுவனத்துக்காக 1972இல் நிறைவுற்ற அதனை வகுத்தவர் எர்மன் எற்ஸ்பேர்கர். ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலை செய்யவேண்டிய இடத்தை அவர் ஒரு பெருந்தளமாக வைக்கவில்லை. 9 மீற்றர்ச் சதுரங்களாக உடைத்தார். ஒவ்வொரு சதுரத்திலும் குறுக்கும் நெடுக்குமாக நடைபாதை செல்லும். எஞ்சிய நான்கு மூலைகளிலும் 3 மீற்றர்ச் சதுரம் ஒவ்வொன்று கிடைக்கும். அதில் நான்கு மேசை போடலாம். வட்டமாக அமர்ந்து ஆலோசிக்கலாம். கோப்பி அருந்தும் இடமாக்கலாம். ஓர் அதிகாரி அமரலாம். நாளை வேலை மாறினால் மூலையின் பயனும் மாறும். சுவர் இடிக்க வேண்டியதில்லை. சதுரங்களுக்கு இடையே விட்ட வெளிகளின் மேற் கண்ணாடி வேய்ந்தமையால் கட்டடத்தின் நடுவில் இருப்போர்க்கும் மேலிருந்து ஒளி வந்தது. ஒரு தளத்திலிருப்பவர் எட்டிப் பார்த்தால் கீழ்த்தளத்திலிருப்பவர் தெரிவார்.

அக்கட்டடத்தின் சுவர்கள் பூச்சின்றிச் சாம்பல் நிறச் சீமெந்துக் கற்களாகவே விடப்பட்டன. காசில்லாமலன்று. கட்டடக் கலைஞன் தன் வேலையை முற்றும் முடித்துவிட்டால் அங்கு வாழ்பவனுக்குச் செய்வதற்கு ஒன்றும் இராது என்பது எற்ஸ்பேர்கரின் கொள்கை. பணியாளர் வீட்டிலிருந்து பூச்சாடி கொண்டுவந்தனர், படம் மாட்டினர், தத்தம் மூலைகளைத் தாமே அலங்கரித்தனர். றைற்றின் கட்டடத்தில் நாற்காலியை நகர்த்த முடியாதிருந்ததை இதனோடு ஒப்பிட்டால் இடையிற் சென்ற அறுபத்தாறு ஆண்டுகளின் பொருள் விளங்கும். குறையும் உண்டு. எல்லாப் பக்கமும் ஒன்றுபோலிருந்தமையால் புதிதாக வந்தவர் வாயிலைத் தேடி அலைந்தனர். பிற்காலத்தில் அந்நிறுவனமே கட்டடத்தை விட்டு நீங்கிற்று.

அதே நாட்டில், அம்ஸ்ரர்டாம் நகரில், 2015இல் ‘எட்ஜ்’ என்னும் கந்தோர் திறக்கப்பட்டபோது, உலகிலேயே மிகச் சிக்கனமான கந்தோர்களுள் ஒன்றாக அதனைப் போற்றினர். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறுகின்றது. ஆள் இல்லாத இடத்தில் விளக்கு அணைகின்றது. ஆயிரக்கணக்கான உணர்கருவிகள் எங்கே எத்தனை பேர் உள்ளனர் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன. திறந்தபோது, சுமார் 2,500 பணியாளருக்கு அங்கிருந்த மேசைகள் ஏறத்தாழ 1,000. எவருக்கும் சொந்த மேசை இல்லை. அன்றன்று கைத்தொலைபேசி சொல்லும் இடத்தில் அமரவேண்டும். மேசை குறைந்தாற் கட்டடம் சிறுக்கும். கட்டடம் சிறுத்தால் மின்சாரம் மிஞ்சும். கணக்கிற் பிழையில்லை. அப்பெல்டோர்ணில் வைத்த பூச்சாடியை இங்கே எங்கு வைப்பது என்பதற்குத்தான் இடமில்லை.

சிக்கனம் என்னும் சொல் கட்டடக் கலையில் இவ்வளவு மதிப்புப் பெற்றது 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின் பின்னராகும். எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்ததும், மூடிய கட்டடங்களை வைத்திருந்தோர் திகைத்தனர். யன்னல் திறக்க வழியில்லை. குளிரூட்டியை நிறுத்தினால் உள்ளிருக்க இயலாது. எனவே வெளியிலிருந்து எடுக்கும் புதுக்காற்றைக் குறைத்தனர். அமெரிக்காவில் ஆளொருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி போதுமென்று விதி தளர்ந்தது. உள்ளிருந்த காற்றே சுற்றிச் சுற்றி வந்தது. தலைவலி, கண்ணெரிவு, சோர்வு என்று பணியாளர் முறையிட்டனர். கட்டடமே நோயுற்றதென்று மருத்துவ உலகம் அதற்குப் பெயரிட்டது. பின்னர் அவ்விதி திருத்தப்பட்டுப் புதுக்காற்றின் அளவு உயர்த்தப்பட்டது. வேலை செய்பவன் மூச்சிலே மிச்சம் பிடித்தது சிக்கனமாகாது.

வெப்ப நாடுகள் இதற்குக் கண்ட விடைகளுள் உலகறிந்தது, சிம்பாப்வே நாட்டு அராரே நகரில் 1996இல் நிறைவுற்ற ஈஸ்ற்கேற் கட்டடம். மிக் பியேர்ஸ் என்னும் கலைஞர் வகுத்தது. இரு நீண்ட கட்டடங்கள் அருகருகே நிற்க, அவற்றின் நடுவே கண்ணாடிக் கூரையிட்ட வெளி. இரவிற் குளிர்ந்த காற்றை விசிறிகள் இழுத்து, தளங்களுக்கு அடியிலுள்ள கொன்கிறீற்று இடுக்குகளூடாகச் செலுத்தும். கொன்கிறீற்று குளிரைச் சேமித்துக்கொள்ளும். பகலில் அதே வழியே வரும் காற்று குளிர்ந்து அறைக்குள் நுழைய, வெப்பக் காற்று கூரைமேலுள்ள 48 புகைபோக்கிகளால் வெளியேறும். ஒத்த அளவான பிற கட்டடங்களைவிட ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்த மின்சாரமே செலவாகின்றதென அமைத்தோர் கணித்தனர். கறையான் புற்றைப் பார்த்துக் கற்ற பாடமென்று இதனைச் சொல்வதுண்டு. புற்று அவ்விதம் குளிரூட்டுவதில்லை, நுரையீரல் போல மூச்சு விடுகின்றது என்று ஆய்வாளர் பின்னர் காட்டினர். உவமை பிழைத்தது, கட்டடம் பிழைக்கவில்லை.

ஆனால் அராரே கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே இரவு உண்மையிற் குளிரும். கொழும்பின் இரவு பகலைவிடச் சில பாகையே தணியும். காற்றிலே ஈரம் நிறைந்திருக்கும். கல்லிற் குளிரைச் சேமிக்க இங்கு வழி குறைவு. தோலின்மேற் காற்று ஓடினாலன்றி வியர்வை உலராது. எனவே இத்தீவின் கந்தோருக்கு வேண்டியது ஓடும் காற்று. ஒரு பக்கத்தாற் புகுந்த காற்று மறுபக்கத்தால் வெளியேற வேண்டும். அறையின் அகலம் கூரை உயரத்தின் ஐந்து மடங்கைத் தாண்டினால் அவ்வோட்டம் தளர்ந்துவிடும் என்பது கட்டுவோர் கைக்கொள்ளும் அளவு.

இதனை நன்குணர்ந்தவர் ஜெப்ரி பாவா. 1919இற் பிறந்து, முதலிற் சட்டம் பயின்று வழக்கறிஞராகி, முப்பத்தெட்டாம் வயதிலே கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றவர். கொழும்பில் அவர் தமக்கென வைத்திருந்த கந்தோரே, வீடாகக் கட்டிய ஒன்றை முற்றங்களும் விறாந்தைகளும் கெடாமல் வேலைக்கு ஆக்கியதுதான். 1960களின் பிற்பகுதி முதல் அவருடைய பங்காளியாக இருந்து, அவர் கற்பனைகளைக் கல்லிலும் கம்பியிலும் நிறுத்தியவர் பொறியியலாளர் பூலோகசுந்தரம். கலைஞர் பெயர் நிலைப்பதுபோலப் பொறியியலாளர் பெயர் நிலைப்பதில்லை. ஆதலின் ஈண்டுச் சொல்லுதல் தகும்.

ஈஸ்ற்கேற் எழுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே, 1976இல் தொடங்கி 1978இல், கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காகப் பாவா பன்னிரண்டு மாடிக் கந்தோரொன்றை அமைத்தார். பின்னர் அது மகாவலி அபிவிருத்திப் பணிக்கு உரியதாயிற்று. உலகமெங்கும் மாடிக் கந்தோர் என்றால் மூடிய கண்ணாடிப் பெட்டி என்றிருந்த காலம் அது. பாவாவின் கட்டடமோ மெலிந்தது. முனைகளில் ஒடுங்கிய நீண்ட வடிவம். காற்று வீசும் திசையையும் வெயில் விழும் பக்கத்தையும் எண்ணி நிறுத்தப்பட்டது. யன்னலுக்கு நிழல் தந்தார். மழைக்கு யன்னலைச் சாத்தினாலும் காற்று புகத் தனிவாயில்கள் வைத்தார். பழைய கச்சேரியின் விறாந்தையறிவை எடுத்து ஒன்றன்மேலொன்றாகப் பன்னிரண்டு முறை அடுக்கியது போன்றது அவ்வமைப்பு. மெலிந்த தளமாதலால், நடுவில் அமர்ந்தவருக்கும் யன்னல் தொலைவிலில்லை. குவிக்போர்ண் சகோதரர் ஆழ்ந்த தளத்தில் தேடிய கூடியிருக்கும் வாழ்வை, காற்றையும் ஒளியையும் விற்காமலே இங்கு பெறலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தளம் திறந்திருக்க வேண்டும். கிழக்கு யன்னலுக்கும் மேற்கு யன்னலுக்கும் இடையே கூரை வரை எழும் பலகைத் தடுப்பொன்று வந்தாற் போதும்; காற்று நின்றுவிடும். இத்தீவின் கந்தோர்களில் அத்தடுப்பு எதனால் வருகின்றது என்பதை அங்கே பணிசெய்தோர் அறிவர். உதவிப் பணிப்பாளராக இருந்தவர் பணிப்பாளராகின்றார். பணிப்பாளருக்கு அறை வேண்டும். அறை யன்னலோரமாக இருக்க வேண்டும். கதவில் பெயர்ப்பலகை வேண்டும். அடுத்த ஆண்டில் இன்னொருவர் உயர்கின்றார். இன்னோர் அறை எழுகின்றது. யன்னலோரம் முழுவதும் அறைகளாகின்றது. எழுதுவினைஞர் நடுவிருட்டுக்குத் தள்ளப்படுகின்றனர். அவர்களுக்குப் பகலில் விளக்கு, பின்னர் மின்விசிறி. அறைக்குள் இருப்பவருக்கும் காற்றில்லை. ஏனெனில் மறுபக்கத்து யன்னலிலிருந்து அவர் பிரிந்துவிட்டார். எனவே குளிரூட்டி. குளிர் வெளியே போகாதிருக்கக் காற்று வாயில்களை அடைத்தல். ஒருவர் கோவையை மற்றொருவர் பார்க்கவேண்டுமாயின் இப்போது சிற்றூழியர் ஒருவர் எடுத்துச் செல்ல வேண்டும். முன்பு மேசைக்கு மேசை கைநீட்டினாற் போதுமாயிருந்தது. மின்சாரப் பட்டியலும் வேலைத் தாமதமும் ஒரே பலகையிலிருந்து பிறக்கின்றன.

இதற்கு மருந்து எவ்வளவு மலிவானது என்பதையும் நோக்கவேண்டும். கூரை வரை எழுந்த தடுப்பை மார்பளவுக்கு அறுத்துவிட்டால் காற்று மேலால் ஓடும். இரகசியம் பேசுதற்கென்று ஓர் அறை, காற்று வழிக்குக் குறுக்கே வராத முனையில் இருந்தாற் போதும். அதனை எல்லோரும் முறைவைத்துப் பயன்படுத்தலாம். புதுக்கட்டடம் வேண்டாம், பிறநாட்டு நிபுணர் வேண்டாம், ஒரு தச்சனும் இரண்டு நாளும் போதும். பபலோவிலே ஒரு சவர்க்காரக் கம்பனியின் மேலதிகாரிகள் 1906ஆம் ஆண்டிலேயே எழுதுவினைஞரின் நடுவில், முற்றத்து வெளிச்சத்தில், கதவில்லாமல் அமர்ந்திருந்தார்கள்.